மொட்டைத் தலையில் ராஜ தைலம்

எங்கள் ராஜா செத்து, துக்கத்துக்கு உடுத்திய இரட்டுத்துணியை நாங்கள் அவிழ்ப்பதற்கு முன்பே, அடுத்த ராஜாவை வாழ்த்திக் கத்தப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. கோத்திரவாரியாக எங்களை நிறுத்தி, "ராஜா வாழ்க!" என்று கத்தச் சொன்னார்கள். அரண்மனைக் கணக்கு வழக்கு பார்க்கும் சம்பிரதி மிக்லோத் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று காது கொடுத்துக் கேட்டான்.

"சொல்லிக்குடுத்துக் கத்துற மாதிரி இருக்கு. உள்ளேயிருந்து தானா பொங்கி வரணும். எங்க, மறுபடியும்!"

நாங்கள் மறுபடியும் தானாகப் பொங்கினோம். தொண்டை கட்டிய பிறகுதான் வீட்டுக்கு விட்டான்.

நான் சல்லூம், ஆலய ஊழியத்துக்கென்றே பிறந்த லேவியர் கோத்திரத்தான். ஆலயத்தின் கிழக்கு வாசலில் காவல் வேலை. பெரிய மனிதர்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் தினமும் பார்க்கிறவனுக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எனக்கு மிச்சமிருந்ததும் அந்த வாரத்தில் கரைந்துவிட்டது.

எங்கள் நாட்டில் ராஜாவை ராஜாவாக்குவது கிரீடம் அல்ல, சிங்காசனமும் அல்ல. ஒரு மாட்டுக் கொம்பில் இருக்கும் தைலம். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கம் எல்லாம் சேர்த்து ஒலிவ எண்ணெயில் காய்ச்சியது. முன்னோர்கள் வனாந்தரத்தில் கூடாரம் போட்டிருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை காய்ச்சினார்களாம். அன்றிலிருந்து எத்தனையோ தலைகளில் ஊற்றியும் சொட்டுக்கூடக் குறையவில்லையாம். அதைப்போல இன்னொன்றைக் காய்ச்சுகிறவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான். அதை வேற்று ஆள் தலையில் ஊற்றுகிறவனும் அறுப்புண்டு போவான். அது யார் தலையில் பட்டதோ அவர்மேல் எவனும் கைவைக்கக் கூடாது, ஏனென்றால் அவர் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர். விதிகள் இவ்வளவுதான். இவை எல்லாம் ஒரே நாளில் ஒரே மொட்டைத் தலையில் வந்து கூடும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பட்டாபிஷேகத்துக்கு முந்தைய நாள் ஆலயத்தில் நிற்க இடமில்லை. ராஜாவின் கோவேறு கழுதைக்குப் புதுச் சேணம், அதன் நெற்றிக்குக் குஞ்சம், எக்காளங்கள், மேளங்கள் எல்லாவற்றையும் அரண்மனைக்காரர்கள் பரிசுத்த பண்டங்கள் வைக்கும் அறையில் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். தைலக் கொம்பை எங்கே வைப்பது என்று கேள்வி எழுந்தது. பெரிய ஆசாரியர் அமரியா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"குஷ்டரோகிங்க கழுவிட்டு வர்ற அறையில ஒரு மாடம் இருக்குல்ல, அங்க வை. எந்தத் திருடன் அங்க நுழைவான்?"

இவ்வளவு கூர்மையான மூளை இருப்பதால்தான் அவர் பெரிய ஆசாரியர், நான் வாசற்காவலன்.

அன்று காலை அத்தாராள் வந்தாள். ரிம்மோன் மேட்டுக்காரி. தலையில் மயிர் இல்லை, புருவமும் இல்லை. நோய் தீர்ந்தவர்கள் உடம்பு முழுக்கச் சிரைத்துக்கொண்டு, எட்டாம் நாள் பலியோடு வருவதுதான் முறை. ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாவும் ஒரு சின்ன ஜாடி எண்ணெயும் வைத்திருந்தாள். ஏழைக்கு அவ்வளவு போதும் என்று சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது.

"அண்ணே, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

"என்னம்மா பறக்குற? இத்தனை வருஷம் வெளிய இருந்துட்ட, ஒரு நாள் பொறுக்க மாட்டியா?"

"ஒலிவை பழுத்துக் கறுத்திருச்சுண்ணே. நாளைக்கே அரண்மனை ஆளுங்க கோலால அடிச்சு உதிர்க்க இறங்கிருவானுங்க. அது என் தோப்பு."

கதையைச் சொன்னாள். புருஷன் செத்த வருஷமே அவள் தோலில் வெள்ளை படர்ந்தது. ஊர் ஆசாரியன் பார்த்துத் தீட்டு என்றான். உடுப்பைக் கிழித்துக்கொண்டு, மேலுதட்டை மூடிக்கொண்டு, எதிரே ஆள் வரும்போதெல்லாம் "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டே ஊரைவிட்டுப் போனாள். அவள் ஒரு குகையைத் தேடி ஒண்டுவதற்குள் அரண்மனைக்காரர்கள் தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் இல்லாத நிலம் ராஜாவுக்குச் சொந்தம். ஊருக்குள் இல்லாதவள் ஆள் இல்லை. இப்போது ஆசாரியன் வாயால் 'சுத்தம்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவள் மறுபடியும் ஆள். தோப்பும் மறுபடியும் அவளுடையது.

"சுத்துச்சுவர் தோளுயரம் இருக்கும்ணே. வாசல் மட்டும் இத்தனூண்டு. அரண்மனைக் கழுதை பொதியோட நுழையக் கூடாதுன்னே எங்க வீட்டுக்காரர் தாழ்த்திக் கட்டினார். அவர் இருந்தவரைக்கும் ஒரு கழுதை நுழையல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். புருவம் இல்லாத முகத்தில் சிரிப்பு பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்று சடங்கு செய்யும் முறை இத்தோ ஆசாரியருடையது. வயதானவர், பார்வையும் மூக்கும் மங்கிவிட்டன. குட்டியை அறுத்து, இரத்தத்தை அவளுடைய வலது காதிலும், வலது கட்டைவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் தொட்டு வைத்தார். பிறகு எண்ணெய். அவள் ஜாடியைக் கவிழ்த்தால் நாலைந்து சொட்டுதான் விழுந்தது.

"என்னம்மா இது, அழுற மாதிரி சொட்டுது?"

"வழியில ஜாடி விரிசல் விட்டிருச்சு ஐயா."

"அழாத. ஆலயத்துல இல்லாத எண்ணெயா?" என்று மாடத்தில் கையைவிட்டுத் துழாவினார். கைக்குக் கொம்பு கிடைத்தது. உள்ளங்கையில் ஊற்றி, கர்த்தருடைய சந்நிதியில் ஏழுதரம் தெளித்து, காதில், கட்டைவிரலில், பெருவிரலில் பூசினார். கையில் மிஞ்சியதைத் தலையில் தடவினால் சடங்கு முடிந்தது. ஆனால் இத்தோவுக்கு மனம் கேட்கவில்லை.

"ரொம்பப் பட்டிருக்கம்மா நீ. இந்தா, நிறையவே வச்சுக்கோ" என்று கொம்பை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தார்.

அந்த ஆலயத்தில் அந்த வருஷத்தில் யாரும் யாருக்கும் இவ்வளவு அன்பாக எதையும் செய்ததில்லை. அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

வாசனை என் வாசல்வரை வந்தது. அமரியாவின் மூக்குக்கும் போயிருக்கிறது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இத்தோ! கையில என்ன?"

"எண்ணெய்க் கொம்புங்க."

"எவ்வளவு இருக்கு?"

"விளிம்புல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. உங்களுக்கு வேணுமா?"

அமரியா தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அத்தாராள் கேட்டாள்: "ஐயா, அப்ப நான் சுத்தந்தானே? போகலாமா?"

"அசையாத!" என்று அலறினார். "துடைங்கடா!"

ஒரு லேவியன் துணியோடு ஓடி அவள் காதோரம் ஒற்றினான். அப்போதுதான் அமரியாவுக்கு இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. தைலம் பட்டது எதுவானாலும் பரிசுத்தமாகிவிடும். ஆக, துணி பரிசுத்தம். அதை மடித்து ஒரு பீடத்தில் வைத்து, பக்கத்தில் விளக்கேற்றினார்கள். அந்த லேவியனின் ஆள்காட்டி விரலும் பரிசுத்தமாகிவிட்டது. மீதி உடம்பைப் பற்றி முடிவு தெரியும்வரை விரலை மேலே தூக்கியபடி எதையும் தொடாமல் நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம்வரை நின்றான். மதியம் யாரோ அவனுக்கு அப்பத்தைப் பிட்டு ஊட்டிவிட்டார்கள்.

தைலம் பட்ட மயிரைச் சிரைத்து எடுத்துவிடலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோரும் அவள் தலையைப் பார்த்தார்கள். அது சூரியனைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

அறையைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடந்தது. அமரியா, மிக்லோத், படைத்தலைவர். கதவுக்கு நான். அத்தாராளைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் தைரியமில்லாததால் அவளும் உள்ளேயே ஒரு மூலையில் நின்றாள்.

"இதுல என்ன பெரிய யோசனை?" என்றான் மிக்லோத். "தீர்த்துக்கட்டிருவோம்."

படைத்தலைவர் தலையை ஆட்டினார். "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவங்க மேல கை வைக்கக் கூடாது. இது நாமளே ஊருக்குச் சொல்லிக்குடுத்தது. இன்னைக்கு நானே மீறினா, நாளைக்கு நான் பக்கத்துல நிக்கிறப்ப இளவரசருக்குத் தூக்கம் வருமா?"

"அப்ப இவ வேத்து ஆளுன்னு சொல்லிருவோம். அபிஷேகம் செல்லாது."

"வேத்து ஆளுன்னா ஊத்தினவன் அறுப்புண்டு போகணும்" என்றார் அமரியா. "அப்புறம், கொம்பை அந்த அறையில வைக்கச் சொன்னது யாருன்னு கிளறுவாங்க."

"யாரு வைக்கச் சொன்னது?"

அமரியா இருமினார். "அது இப்ப முக்கியமில்ல. நிர்வாகத்துல ஆயிரம் இருக்கும்."

"சரி, விடுங்க. நாளைக்குக் கொம்பை எடுத்து வழக்கம்போல ஊத்துங்க. அதான் குறையாத தைலமாச்சே."

அப்போதுதான் அமரியாவுக்குப் பொறுமை போனது. இத்தனை வருஷம் அடக்கி வைத்தது அணை உடைந்து வந்தது.

"குறையாத தைலமா? நீயுமா நம்புற? கொம்பு கசியுதுய்யா! வருஷா வருஷம் ரிம்மோன் மேட்டுத் தோப்புல காய்ச்சி நிரப்பலேன்னா எப்படிக் குறையாம இருக்கும்? ஆலயத்துல காய்ச்சினா ஊர் பார்த்துரும்னு சட்டி, அடுப்பு, வாசனைச் சரக்கு எல்லாத்தையும் அந்தத் தோப்புச் செக்குக் குகையிலதான் ஒளிச்சு வச்சிருக்கேன். அற்புதம் சும்மா நடக்குமா? அதுக்கு ஆள் வேணாமா, விறகு வேணாமா? என் கஷ்டம் யாருக்குத் தெரியுது?"

காய்ச்சுகிறவன் அறுப்புண்டு போவான் என்ற விதியும் அந்த அறைக்குள்தான் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில் யாரும் விழிக்கவில்லை. மூலையிலிருந்து குரல் வந்தது.

"எந்தத் தோப்புன்னு சொன்னீங்க ஐயா?"

"ரிம்மோன் மேட்டு..." என்று ஆரம்பித்த அமரியா பாதியில் நிறுத்தினார்.

"அது என் தோப்பு" என்றாள் அத்தாராள். "அப்ப என் எண்ணெயைத்தான் என் தலையில ஊத்தியிருக்கீங்க. இதுக்குப் போயா இத்தனை பெரிய மனுசங்க கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ராஜா வேலை எனக்கு வேணாம். சுத்தம்னு சொல்லுங்க, தோப்பைக் குடுங்க, நான் போறேன். இங்க நடந்ததைத் தூக்கத்துலகூட உளற மாட்டேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. படைத்தலைவருக்கும் பட்டிருக்க வேண்டும், காலை மாற்றி வைத்தார். மிக்லோத் மட்டும் சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

"தோப்பைக் குடுத்துட்டா அடுத்த வருஷம் அற்புதம் எங்கேயிருந்தும்மா வரும்?"

அவளை என் வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு மேற்கொண்டு ஆலோசித்தார்கள். ஒரு வாசலில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு ராஜ வாசனை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்புறம் ஒரு கழுதைக்காரன் கிட்டே வந்து நின்றான். பட்டாபிஷேக மேளம் சுமக்க அவன் கழுதையை அரண்மனை ஆட்கள் பிடித்துவந்து அங்கேயே கட்டியிருந்தார்கள்.

"அம்மா, நீங்கதான் இப்ப ராஜாவாமே?"

"அதெல்லாம் இல்லப்பா. உனக்கு என்ன?"

"என் கழுதைங்க அது."

"உன்னுதா?"

"ஆமாங்க. குட்டியிலேர்ந்து வளர்த்தேன்."

"அப்ப ஓட்டிட்டுப் போயேன். அதுக்கு என்னைக் கேக்கணுமா?"

அவன் மேளத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கழுதையை அவிழ்த்தான். காவல் வீரன், காற்று வாங்க வெளியே வந்து நின்ற படைத்தலைவரைப் பார்த்தான். படைத்தலைவர் அவள் தலையைப் பார்த்தார். அது பளபளத்தது.

"அபிஷேகம் ஆனவங்க சொன்னா நான் எப்படித் தடுக்கிறது? மேலிடத்துல முடிவு வரட்டும்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வாசனைச் சரக்கு இடிக்கவும் அப்பம் சுடவும் அரண்மனைக்கு இழுத்துப்போன பெண்பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள். ராஜாவின் ரதத்துக்கு முன்னால் ஓடுவதற்குப் பிடித்துப்போன பிள்ளைகளின் தகப்பன்மார் வந்தார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே தீர்ப்பு. எடுத்ததைத் திருப்பிக் கொடு. அதையே ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நடுவில் என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"ராஜான்னா இதுதானாண்ணே வேலை? இதுக்கு எதுக்கு இவ்வளவு மேளம்?"

"இது வேலையே இல்லம்மா. குதிரை சேக்கணும், பொண்டாட்டி சேக்கணும், வெள்ளி சேக்கணும். அதான் வேலை."

"அது எதையும் மிதமிஞ்சிச் சேக்கக் கூடாதுன்னுதானே சட்டத்துல அவனுக்குன்னே எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கறதாலதான் ஒண்ணுவிடாம ஞாபகம் வச்சுச் செய்யுறாங்க."

மிக்லோத் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தான். "காலையிலேர்ந்து ஆட்சி பண்ணிட்டிருக்கா, இன்னும் ஒரு வரிகூடப் போடல. ஜனங்க இதுக்குப் பழகிட்டா நாளைக்கு நாம என்ன பண்றது?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

வெயில் தாழ்ந்தபோது அமரியா முழு உடுப்போடு வந்தார், மார்ப்பதக்கம் உட்பட. அவளை நிற்க வைத்துத் தோலைப் பரிசோதித்தார். கைகளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், காதுமடலை மடக்கிப் பார்த்தார். வெள்ளை இல்லை, தடிப்பு இல்லை. சின்னப் பிள்ளையின் தோல்போல் இருந்தது. கடைசியில் அவர் கண் தலைக்குப் போனது.

"இங்க ஒரு பளபளப்பு இருக்கு" என்றார்.

"அது எண்ணெய்ங்க" என்றார் பக்கத்தில் நின்ற இத்தோ.

"எண்ணெயா? எந்த எண்ணெய்? இந்தப் பொம்பளை தலையில எந்த எண்ணெயும் ஊத்தலைன்னு இப்பத்தான் மூணு பேரும் கலந்து முடிவு பண்ணிட்டு வர்றோம். எண்ணெய் ஊத்தாம ஒரு மண்டை பளபளக்குதுன்னா அது நோய்தான். தீட்டு!"

கூட்டம் பின்வாங்கியது. அத்தாராள் மட்டும் நகரவில்லை. இத்தனை வருஷம் குகையில் கிடந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தும் அமரியா அதை விழுங்கிவிட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"இது கோவத்துல சொல்றதா, தீர்ப்பா?"

"தீர்ப்பு. பெரிய ஆசாரியன் தீர்ப்பு. நீ தொட்டதெல்லாம் தீட்டு, உக்காந்த இடமெல்லாம் தீட்டு."

"நான் எங்க இருக்கணும்?"

"ஊருக்கு வெளிய. தனியா."

"வெளியன்னா எங்க வேணாலும் இருக்கலாமா?"

"எங்க வேணாலும் தொலை! உள்ள வராதே, அது போதும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு உடுப்பின் முன்னோரத்தைத் தானே கிழித்தாள், மேலுதட்டை மூடினாள், அமரியாவின் முகத்துக்கு நேராகப் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"தீட்டு! தீட்டு!"

அமரியா துள்ளி விழுந்தடித்து மேளத்தின்மேல் உட்கார்ந்தார். மேளம் கிழிந்தது. அவள் கத்திக்கொண்டே மேற்குப் பாதையில் நடந்தாள். ரிம்மோன் மேட்டுக்குப் போகிற பாதை அது. எனக்கு மட்டும் அப்போதே கொஞ்சம் புரிந்தது.

மறுநாள் ஊற்றங்கரையில் பட்டாபிஷேகம் நடந்தது. காத்திருந்து காத்திருந்தே வழுக்கையாகிவிட்ட இளவரசர் கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். கொம்பில், ஆலய விளக்குகளுக்கு ஊற்றும் எண்ணெயிலிருந்து மொண்டது இருந்தது. வாசனைக்கு அரண்மனைச் சமையல்காரன் கொஞ்சம் பட்டையைப் போட்டிருந்தான். அமரியா ஊற்றினார். நாங்கள் தானாகப் பொங்கி "ராஜா வாழ்க!" என்றோம். எக்காளம் ஊதி நின்றதும், முன்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"யார் வீட்டுலடி பகல்ல விளக்கு ஏத்துறாங்க?"

முந்தின நாள் வாசலில் அந்த வாசனையை முகர்ந்திராத மூக்கு அந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை. முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போனது. இது மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லாமல் உள்ளேயிருந்து பொங்கி வந்தது.

அதே நாளில் ரிம்மோன் மேட்டுக்கு ஒலிவை அடிக்கப் போன அரண்மனை ஆட்கள் கோலை எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். தோப்புக்கு நடுவில் அத்தாராள் உட்கார்ந்திருந்தாளாம். இவர்களைக் கண்டதும் சட்டப்படி எழுந்து, உதட்டை மூடிக்கொண்டு, "தீட்டு! தீட்டு!" என்றாளாம். மரம் மரமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டும் வந்தாளாம். செக்கைத் தொட்டாள், சட்டியைத் தொட்டாள், குகையில் இருந்த வாசனைச் சரக்கு மூட்டைகளில் முழங்கைவரை கையைவிட்டாள். பெரிய ஆசாரியர் தீர்ப்பின்படி எல்லாம் தீட்டு.

மிக்லோத் படையை அனுப்பச் சொன்னான். படைத்தலைவர் கை விரித்தார். "தீட்டுன்னா தொட முடியாது. தீட்டு இல்லேன்னா அபிஷேகம் ஆனவ, அப்பவும் தொட முடியாது. நீங்க ரெண்டு பேரும் சேந்து கட்டின கோட்டைய்யா அது. என்னால இடிக்க முடியாது."

இதற்கிடையில் புது ராஜாவுக்குத் தூக்கம் கெட்டது. போகிற இடமெல்லாம் ஜனங்கள் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லைக் கோத்திரங்கள், அபிஷேகம் ஏறாத தலைக்கு ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்று ஆள் விட்டுக் கேட்டன. ஊரறிய, உண்மையான வாசனையோடு, இன்னொரு தடவை ஊற்றியாக வேண்டும் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார். வேறு வழியில்லாமல் அமரியா ரிம்மோன் மேட்டுக்குப் புறப்பட்டார். பேச்சுத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கசக்குமா?

தோப்புக்குள் அவள் மட்டும் இல்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இத்தோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, காய்களைக் கையால் தடவிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப்போலவே ஊருக்கு வெளியே குகைகளில் கிடந்தவர்கள் நாலைந்து பேர் கோலால் கிளைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தாராளுக்குத் தலையில் மயிர் முளைக்க ஆரம்பித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னங்கய்யா இவ்வளவு தூரம்?"

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றார் அமரியா, சுவரிலிருந்து எட்டி நின்று. "நீ சுத்தம்னு நானே சொல்லிடறேன். எண்ணெயை மட்டும் குடுத்துரு."

"சொல்லுங்க. ஆனா அந்தப் பளபளப்பு நோய்னீங்களே, அது என்னாச்சு?"

"அது நோய் இல்ல. எண்ணெய்தான்."

"எந்த எண்ணெய்?"

அமரியா வாயைத் திறந்தார். அங்கே நான் இருந்தேன், இத்தோ இருந்தார், கோல் பிடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

"பரவாயில்ல, விடுங்க" என்றாள் அத்தாராள். "எண்ணெய் தர்றேன்."

"நல்லா இருப்பம்மா!"

"தலையைக் கொண்டு வாங்க."

"எந்தத் தலையை?"

"ராஜா தலையை. கழுத்தோட, காலோட, முழுசா வரச் சொல்லுங்க. நானே ஊத்தறேன். இந்தப் பெரியவர் எனக்கு எப்படிச் செஞ்சாரோ அப்படியே. முதல்ல காதுல, அப்புறம் கட்டைவிரல்ல, கால் பெருவிரல்ல, கடைசியா தலையில."

"அது குஷ்டரோகிக்குச் செய்யுற முறை!"

"ஜனங்களை விட்டு வெளிய போனவங்களைத் திரும்ப ஜனத்தோட சேக்கிற முறை. அவர் எவ்வளவு தூரம் போயிட்டார்னு உங்களுக்குத் தெரியாதா? என் தோப்புவரைக்கும் வந்து உக்காந்துட்டாரு. அந்தக் காது இனிமேலாவது கேக்கட்டும், அந்தக் கை எடுத்ததைத் திருப்பிக் குடுக்கட்டும். அதுக்கப்புறம் தலையில ஊத்தறேன். குறைச்சலா இல்ல, கொம்பு நிறைய ஊத்தறேன்."

அமரியாவின் தாடி ஆடியது. கோபமா, பயமா என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்தவர்போல வாசலைப் பார்த்தார். அத்தாராளின் புருஷன் தாழ்த்தி வைத்த நிலைக்கல் அப்படியே இருந்தது.

"இது என்ன வாசல்? என் இடுப்புக்குத்தான் வருது. ராஜா எப்படி நுழைவார்?"

"குனிஞ்சு வரச் சொல்லுங்க" என்றாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, ஊரே கேட்கும்படி, "தீட்டு! தீட்டு!" என்றாள்.

அமரியா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். பாதி வழியில் திரும்பி, "சல்லூம்! என்னடா நிக்கிற? வாடா!" என்று கத்தினார்.

மரங்களில் காய் கொள்ளாமல் கிடந்தது. அடிக்க ஆள் போதவில்லை. நான் என் காவற்கோலைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து உள்ளே போனேன்.